பதினாலாம் நம்பரின் குரல்

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் என் நம்பர் பதினைந்து. வரிசையில் எனக்கு முன்னால் நிற்க வேண்டிய பதினாலு, என் அக்கா புருஷன். இந்த இரண்டு நம்பர்களை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். நான் செய்த காரியம் தானாக விளங்கிவிடும்.

நம்பர் போட்டது பட்டாளம். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர். நேரில் அவரைச் சார் என்போம், முதுகுக்குப் பின்னால் பட்டாளம் என்போம். எங்கள் முதலாளி ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனார். ராணுவத்துத் தலைமைப் பண்புகளைக் கம்பெனிகளில் எப்படிக் கொண்டுவருவது என்று வகுப்பாம். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்த மாதமே மேலாளர் நாற்காலியில் பட்டாளத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்.

பட்டாளம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உத்தரவு கொடுத்தால், "என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்பார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வாங்கின பிறகுதான் தட்டை எடுப்பார். "நாம எவ்வளவு திங்கிறோம்னு கணக்கெடுக்கிறாரு மாப்ள" என்றார் என் மச்சான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் பாத்திரம் காலியாகிவிட்டது. மனிதர் ஒரு பழத்தைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இயந்திர ஆபரேட்டர் அண்ணன் ஒருமுறை வால்வைத் தவறாகத் திருப்பி ஒரு லோடு மீன் கெட்டுப்போனபோது, பட்டாளம் முதலாளியிடம் "தப்பு என்னுது" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படி ஒருத்தர் பக்கத்தில் நின்றால் நம் யோக்கியதை நமக்கே தெரிந்துவிடுகிறதே, அந்த எரிச்சல்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். கிடங்கைக் குளிரவைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கிறவரை அது நம் வேலைக்காரன். வெளியே வந்துவிட்டால் கண்ணைக் கெடுக்கும், தொண்டையைப் பொசுக்கும், கொஞ்சம் அதிகமானால் ஆளையே முடித்துவிடும். அதனால் மாதம் ஒரு நாள் ஒத்திகை. சைரன் கேட்டதும் ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு லாரிகள் நிற்கும் முற்றத்துக்கு ஓட வேண்டும். இரண்டு வரிசையாக நின்று அவரவர் நம்பரை அவரவர் கத்த வேண்டும். ஒன்று பட்டாளம். இரண்டு ஆபரேட்டர் அண்ணன். அப்படியே போய், இருபத்துமூன்று கேட்டில் நிற்கும் காவலாளி.

முதல் ஒத்திகையில் மச்சான் கேட்டார், "ஏன் சார், தலையை எண்ணினா பத்தாதா?"

"புகையிலயும் இருட்டுலயும் தலை தெரியாது. குரல்தான் கேக்கும்" என்றார் பட்டாளம். "எண்ணிக்கை சரியா வந்துட்டா கதவை மூடிருவோம். அதனால ஒண்ணு மட்டும் சொல்றேன். பக்கத்து ஆளோட நம்பரை நீங்க சொன்னா அவனைக் காப்பாத்துறதா அர்த்தமில்ல. அவனைத் தேட விடாம பண்றீங்க."

மச்சான் என் விலாவில் இடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மச்சானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வேலை செய்வதற்குச் செலவழிக்காத மூளையை எல்லாம் வேலையிலிருந்து நழுவுவதற்குச் செலவழிக்கிறவர். இதற்கு முன் மூன்று இடத்தில் அனுப்பிவிட்டார்கள். இங்கே சேர்த்துவிட்டது நான். சேர்ந்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரை ஒரு கண்ணு பாத்துக்கடா. இதுவும் போச்சுன்னா நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கடா போவேன்?" என்றாள். பட்டாளத்தின் விதி, மூன்று எண்ணிக்கைக்கு வராதவனுக்கு வேலை இல்லை. மச்சான் முதல் ஆறு மாதத்திலேயே இரண்டைத் தொலைத்துவிட்டார்.

அடுத்த ஒத்திகையிலும் ஆளைக் காணவில்லை. பதின்மூன்று என்று கத்திவிட்டார்கள். அடுத்த இடம் காலியாக இருந்தது. அக்காவின் கை ஞாபகம் வந்தது. துண்டுக்குள் குரலைத் தடிக்கவைத்து "பதினாலு" என்றேன். பிறகு என் குரலில் "பதினஞ்சு". நாங்கள் நின்றது பின்வரிசை. பட்டாளத்தின் கண் ஸ்டாப் வாட்ச்சில் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ மாப்ள இல்ல, என் குலதெய்வம்" என்றார். அதோடு ஒத்திகைக்கு வருவதையே விட்டுவிட்டார். மூன்று மாதமாக நான்தான் பதினாலு, நான்தான் பதினஞ்சு.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். நான் இரண்டாம் அறையிலிருந்து பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சைரன் அலறியது. இந்த மாதத்து ஒத்திகை முடிந்துவிட்டதே என்று நினைத்து முடிப்பதற்குள் மூக்கில் ஊசி குத்தியதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துண்டை நனைத்துப் பொத்திக்கொண்டு ஓடினேன். மூன்றாம் அறை வாசலைத் தாண்டும்போது அங்கிருந்த பலகையில் மஞ்சள் டோக்கன் ஒன்று தொங்கியதைப் பார்த்தேன். உள்ளே போகிறவர்கள் தங்கள் நம்பர் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். பதினாலு. பக்கத்தில், குளிர் கோட்டுகள் தொங்கும் கொக்கிகளில் பதினாலாம் கொக்கி காலி. எல்லாம் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. உயிர்பிழைக்க ஓடுகிறவனுக்குக் கால் மட்டும்தான் வேலை செய்யும்.

முற்றத்தில் வரிசை நின்றது. எல்லோரும் இருமினார்கள். "ஒண்ணு" என்றார் பட்டாளம். "ரெண்டு." "மூணு." பதின்மூன்று வந்தது.

நான் "பதினாலு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் பழகிவிட்டது. மச்சான் வழக்கம்போல எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். "பதினஞ்சு" என்றும் சொன்னேன். இருபத்துமூன்று வரை தங்குதடையில்லாமல் போனது.

"ரெண்டு நிமிஷம் ஐம்பது. எல்லாரும் வெளிய" என்றார் பட்டாளம். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "கசிவு மூணாம் ரூம்ல. கதவை இறுக்கி மூடிருங்க." ஆபரேட்டர் அண்ணன் ஈரத் துண்டோடு ஓடிப்போய் மூடிவிட்டு வந்தார். காவலாளி தீயணைப்புக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

நான் சாலையைப் பார்த்தேன். எதிர்க் கடையின் பெஞ்சில் யாரும் இல்லை. காவலாளியிடம் நகர்ந்துபோய், "என் மச்சான் வெளிய போனாரா?" என்றேன். "இந்த கேட்டு வழியா யாரும் போகலையே" என்றார். கேட்டுக்கு ஓடி, கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கையை விரித்தார். "இன்னைக்கு இன்னும் வரலியேப்பா. நானே ஏன் வரலன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் அந்த மஞ்சள் டோக்கன் மனதில் வந்து தொங்கியது. அப்புறம் காலிக் கொக்கி.   கைபேசிகளெல்லாம் விதிப்படி உள்ளே அலமாரியில் பூட்டிக் கிடந்தன. கூப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. மூன்றாம் அறைக்குள் ஆள் இருக்கிறார், நான் குரல் கொடுத்து அவர்மேல் கதவைச் சாத்தவைத்துவிட்டேன்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. சொன்னால் மச்சானுக்கு வேலை போகும், எனக்கும் போகும் என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் கணக்குப் போட்டேன். அந்தக் கேடுகெட்ட கணக்கில் இரண்டு மூன்று நிமிடம் போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"சார், பதினாலு இங்க இல்ல."

பட்டாளம் திரும்பினார். "எண்ணிக்கை சரியா வந்துச்சே."

"வந்துச்சு சார். ஆனா ஆள் இல்ல. மூணாம் ரூம்ல டோக்கன் தொங்குது. கோட்டையும் காணோம்."

"அப்ப பதினாலுன்னு சொன்னது யாரு?"

 என்னைச் சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பட்டாளம் ஒரு விநாடிதான் காத்திருந்தார். "சரி, அது அப்புறம்" என்றார்.

சுவர்ப் பெட்டியைத் திறந்து முகமூடியையும் முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரையும் எடுத்தார். ஒரே ஒரு செட்தான் இருந்தது. இரண்டு வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருந்தார் முதலாளி. ராணுவத்துப் பண்பு வேண்டும், ராணுவத்துச் செலவு வேண்டாம்.

"சார், தீயணைப்பு வந்துரும்" என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

"அவங்க வர இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. அவன் ஏற்கெனவே எட்டு நிமிஷமா உள்ள கெடக்கான்." வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார், "நான் வர்ற வரைக்கும் நீங்கதான் ஒண்ணு. வேற யாரும் உள்ள வரக்கூடாது. என்ன சொன்னேன்?"

"நீங்க வர்ற வரைக்கும் நான்தான் ஒண்ணு. வேற யாரும் உள்ள வரக்கூடாது."

அப்படித் திருப்பிச் சொல்வதைக் கேட்டு யாரும் சிரிக்காதது அன்றுதான். கோட்டுமேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகள் ஆடி, அடங்கின.

அந்தச் சிலிண்டர் நிதானமாக மூச்சுவிட்டால் அரை மணி நேரம் வரும். பெட்டி தூக்கினால் அதில் பாதி. மூன்றாம் அறையில் கூரைவரை பெட்டி. நடுவில் ஆள் விழுந்து கிடந்தால் ஒவ்வொரு அடுக்காக நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். நான் ஆபரேட்டர் அண்ணன் கையில் இருந்த ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. உன் புருஷனுக்காகக் குரல் கொடுத்தேன் அக்கா, அதனால்தான் செத்தார் என்றா?

ஏழாவது நிமிடம். ஜெனரேட்டர் அறைப் பக்கமிருந்து ஒருவர் வேலியின் சந்தில் குனிந்து உள்ளே வந்தார். வழவழவென்று புதுச் சவரம். தலையில் தண்ணீர் தெளித்து வாரிய சீப்புக் கோடு. காதோரம் கொஞ்சம் பவுடர்.

"என்ன மாப்ள, மறுபடியும் ஒத்திகையா?" என்றார் என் மச்சான். "என் நம்பரைச் சொல்லிட்டியா?"

 சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆள் உயிரோடு நிற்கிறார். ஆனால் நான் திரும்பி, பட்டாளம் போன வாசலைப் பார்த்தேன். ஆபரேட்டர் அண்ணன்தான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எங்கய்யா போன? கோட்டு எங்க?"

"சலூனுக்குண்ணே. நாளைக்குப் பாப்பா ஸ்கூல்ல விழா." மச்சான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "கோட்டை ஜெனரேட்டர் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன். கொக்கியில தொங்குனா நான் வெளிய இருக்கேன்னு தெரிஞ்சிருமில்ல? டோக்கனைக் கூட மாட்டிட்டுத்தான் போனேன். பக்காவா பண்ணிருக்கேன்."

பக்காவாகத்தான் செய்திருந்தார். அவர் பொய்யும் என் பொய்யும் சேர்ந்து, இல்லாத ஒரு ஆளை மூன்றாம் அறைக்குள் உண்டாக்கிவிட்டன. அந்த ஆளைத் தேடிப் பட்டாளம் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்ததும் மச்சானின் புதுச் சவர முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கத்தினோம். இருபத்திரண்டு பேரும் வாசலில் நின்று கத்தினோம். ஒரு சாண் தடிமன் சுவர், மேலே இரைகிற காற்றாடிகள். எங்கள் சத்தம் எங்களுக்கே திரும்பி வந்தது. லாரி டிரைவர் ஓடிப்போய் ஹாரனை மூன்று முறை நீளமாக அடித்தார். திரும்பி வா என்பதற்குப் பட்டாளம் சொல்லிவைத்த அடையாளம் அது. உள்ளேயிருந்து இரும்பில் தட்டும் ஓசை வந்தது. டங், டங். கேட்டது என்று அர்த்தம்.

"வர்றாரு" என்றார் டிரைவர்.

வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. மறுபடி மூன்று ஹாரன். மறுபடி டங், டங். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் கேட்கிறது. நேரம் போய்விட்டது, திரும்பி வா என்று கூப்பிடுகிறோம் என்று நினைக்கிறார். ஆளில்லாமல் வருகிறவரா அவர்? உள்ளே யாருமே இல்லை, வாருங்கள் என்று சொல்ல எங்களிடம் ஒரு ஓசையும் இல்லை. எத்தனையோ ஆபத்துக்கு அடையாளம் வைத்த மனிதர், எங்கள் பித்தலாட்டத்துக்கு ஒன்று வைக்க மறந்துவிட்டார்.

பிறகு விசில் கேட்டது. மெல்லிய, விடாத விசில். சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்றால் அது தானாக ஊதும். விசில் கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அது கிட்டே வரும், கிட்டே வரும் என்று காத்திருந்தோம். அது இருந்த இடத்திலேயே இருந்தது. நடுநடுவே பெட்டி விழும் சத்தம்.

அப்புறம் விசில் நின்றது.

நான் துண்டை நனைத்துக்கொண்டு ஓடினேன். ஆபரேட்டர் அண்ணன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"விடுண்ணே! செத்துருவாரு!"

"நீயும் போனா அவரையும் தேடணும், உன்னையும் தேடணும்டா. போகக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு." அவர் அழுதுகொண்டே சொன்னார். பிடியை மட்டும் விடவில்லை. நான் அவர் கையைக் கடித்தேன். அப்போதும் விடவில்லை.

தீயணைப்பு வண்டி சொன்ன நேரத்தைத் தாண்டித்தான் வந்தது. எத்தனை நிமிடம் கழித்து என்று பிறகு சொன்னார்கள். விசில் நின்று மூன்று நிமிடமாம். எனக்கு அது மூன்று நிமிடமாக இல்லை. முழு உடையில் இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். வெளியே வரும்போது பட்டாளத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தார்கள். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஈரத் துணியைக் கட்டியிருந்தார். அறையில் பாதிப் பெட்டிகள் இடம் மாறியிருந்தனவாம். கடைசி அடுக்குக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவிக்கொண்டே விழுந்திருக்கிறார்.

ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். கண்கள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. உதடு வெந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சும் கிழிந்த துணியை இழுப்பதுபோல வந்தது. பின்னாலேயே வந்திருந்த ஆம்புலன்ஸின் கதவருகே கொண்டுபோனபோது வாயை அசைத்தார். ஆக்சிஜன் குழாயைப் பிடித்திருந்த ஆம்புலன்ஸ்காரர் குனிந்து கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"என்னமோ ஒண்ணு, ஒண்ணுங்கிறாரு."

ஆபரேட்டர் அண்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது. மனிதர் எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டார். கண் தெரியாமல், முற்றத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்கிறார். அண்ணன் நிமிர்ந்து நின்று "ரெண்டு" என்றார். "மூணு" என்றார் டிரைவர். நாலு, ஐந்து. யாரும் வரிசையில் நிற்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்கள்.  பதின்மூன்று வந்தது.

மச்சான் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் சொல்லமாட்டேனா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு தானே சொன்னார், "பதினாலு."

ஸ்ட்ரெச்சரில் பட்டாளத்தின் கை மெதுவாகத் தளர்ந்தது. ஆள் கிடைத்துவிட்டான் என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. உடனே அவர் நெற்றி சுருங்கியது. முதல் எண்ணிக்கையில் கேட்ட பதினாலு இந்தக் குரல் இல்லை. தலையை எண்ணாமல் குரலை எண்ணுகிற மனிதர். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அடுத்த நம்பருக்காகக் காத்திருந்தார்.

அடுத்தது நான்.

வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் என்னைத் தேடச் சொல்வார். இவர் இந்த நிலையிலும் தேடச் சொல்வார்.  கிட்டே போய், அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பதினஞ்சு, சார். முதல்ல பதினாலு சொன்னதும் நான்தான்."

பட்டாளம் மூடிய கண்களோடு என் பக்கமே முகத்தை வைத்திருந்தார். பதினாறு சொல்ல வேண்டியவர் என் தோளுக்குப் பின்னால்தான் நின்றார். அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த யாருமே திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வண்டி கிளம்பியது. எண்ணிக்கை என்னோடு நின்றுபோயிருந்தது.